நிலமும் பொழுதும்: சிறு நிலக்காட்சிக் கில்ட்டில் துணியின் வேலை

கில்ட் என்னும் ஆங்கிலப் பெயராலேயே உலகெங்கும் வழங்கும் துணிப்பொருள், மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் தையலால் பிணைத்து ஆக்கப்படுவது. ஒரு துணியின்மேல் இன்னொரு துணியை வெட்டி வைத்துத் தைப்பது ஒட்டுத்துணி வேலை. நூலால் மட்டும் உருவம் வரைவது பூத்தையல். இவ்விரண்டும் கில்ட்டின் மேல்துணியில் இடம்பெறலாம் என்றாலும், அடுக்குகளைக் கோத்துப் பிடிக்கும் தையல் விழுந்த பிறகே அப்பொருள் கில்ட் என்ற பெயரைப் பெறுகிறது. விரிப்பதற்கும் போர்த்திக்கொள்வதற்கும் அல்லாமல், சுவரில் தொங்கவிட்டுப் பார்ப்பதற்கென்றே இம்முறையில் செய்யப்படுவதைக் கலைக் கில்ட் என்பர். அதில் மலை, வயல், நீர், வானம் ஆகியவற்றைக் காட்டுவது நிலக்காட்சிக் கில்ட். ஏறத்தாழ 12 அங்குலச் சதுரத்துக்குள், பருத்தி, பட்டு, சணல், செயற்கை இழை எனப் பலவகைத் துணிகளைக் கலந்து செய்யும் சிறு நிலக்காட்சிக் கில்ட்டே இச்சொற்பொழிவின் பொருள்.

கில்ட்டில் தைத்த கோடு பள்ளமாக அமுங்குகிறது. தைக்காத இடம் உள்ளிருக்கும் பஞ்சால் புடைத்து எழுகிறது. பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது ஒவ்வொரு புடைப்பின் ஓரத்திலும் ஒரு நிழல் படிகிறது. ஓவியன் வண்ணத்தால் தீட்டவேண்டிய நிழல் இங்கே தானாகவே விழுகிறது என்பதும், அறையின் வெளிச்சம் மாறும்போது அதுவும் மாறுகிறது என்பதும் இக்கலையின் அடிப்படை வசதிகள். இந்த மேடுபள்ளத்தை மட்டும் கொண்டு எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள டிரிஸ்டன் கில்ட் சான்றாகும். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலித் தீவில் செய்யப்பட்ட அது, இரண்டு லினன் துணிகளுக்கு இடையே உருவங்கள் வரும் இடங்களில் பஞ்சைத் திணித்துத் தைத்து, டிரிஸ்டன் என்னும் வீரனின் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்கிறது. வெளிர்த் துணியும் வெள்ளை, பழுப்பு நூல்களும் தவிர வேறு நிறமில்லாத அப்பரப்பில் கப்பல்களும் கோட்டைகளும் ஆட்களும் புடைத்து நிற்கின்றனர்.

துணியை அடுக்கித் தைக்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் காந்தாவில், நடுப்பஞ்சு இல்லாமலேயே தையலின் இழுப்பால் துணி அலை அலையாகச் சுருங்கி நிற்கிறது. வங்கமொழிக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட கதைக்கவிதைக்குப் 'பூவேலைக் காந்தாவின் வயல்' என்று பொருள்படும் தலைப்பை வைத்திருப்பதால், வயலையும் தைத்த போர்வையையும் ஒன்றாகக் காணும் பார்வை கலைக் கில்ட் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இந்நிலப்பரப்பில் இருந்தது என்று கொள்ளலாம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி மக்கள், துணித்துண்டுகளை விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துப் போர்வை செய்கின்றனர். தமிழகக் கோயில் தேர்களில் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகள், நடுப்பஞ்சு இல்லாவிட்டாலும், வண்ணத் துணியை வெட்டி ஒட்டி உருவம் காட்டும் கலையில் தேர்ந்தவை. வீடுகளில் பழைய சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் விரிப்பையும் இந்த உறவுமுறையில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

எனினும் கில்ட்டுகளைச் சுவரில் மாட்டி ஓவியத்துக்கு நிகராகப் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில்தான் ஓர் இயக்கமாக வளர்ந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்பவர் செய்தவற்றுள் இரண்டு கில்ட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றில், விவிலியக் காட்சிகளோடு, 1833 நவம்பரில் வானத்திலிருந்து எரிகற்கள் மழையாகப் பொழிந்த இரவும் ஒரு கட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த வான்காட்சியைப் பிறர் சொல்லக் கேட்டு, துணியில் நட்சத்திரங்களை வெட்டி அவர் பதித்திருக்க வேண்டும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் பழைய அமெரிக்கக் கில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தபோது அவை பலரின் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தன. ஓஹையோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில், பால்பண்ணைக் கொட்டகையாக இருந்த கட்டடத்தில், 1979இல் கில்ட் நேஷனல் என்னும் போட்டிக் கண்காட்சி தொடங்கியது. ஸ்காட்லாந்தில் வாழும் பாலின் பர்பிட்ஜ், தம் வீட்டைச் சூழ்ந்த நிலத்தைப் பெரிய கில்ட்டுகளாகத் தைத்துவருகிறார். ஜப்பானின் நோரிக்கோ எண்டோ, பொடிப்பொடியாக நறுக்கிய துணியைத் தூவி, மேலே மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, இயந்திரத் தையலால் பிடித்துக் காடுகளைக் காட்டும் முறையால் அறியப்பட்டவர்.

பலவகைத் துணிகளைக் கலக்கும் வழக்கத்துக்கு முன்னோடி, 1880களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவிய 'பித்துக் கில்ட்' என்னும் வகை. பட்டு, வெல்வெட், சரிகைத்துணி ஆகியவற்றின் ஒழுங்கற்ற துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பூத்தையலால் இணைக்கும் அவ்வேலை இன்று அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் வருந்தத்தக்க நிலையில் காணப்படுகிறது. வெல்வெட் நன்றாக இருக்க, அருகிலுள்ள பட்டு நூல்நூலாகப் பிளந்து கிடக்கிறது. கச்சாப் பட்டின் பசையைக் கழுவி நீக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும் என்பதால், அந்த இழப்பை ஈடுகட்டும் பொருட்டு அக்கால ஆலைகள் வெள்ளீயம், இரும்பு ஆகியவற்றின் உப்புகளில் பட்டை ஊறவைத்தன. எடை கூடியது, இழை நாளடைவில் நொறுங்கியது. கலப்புத் துணி வேலையில் ஒவ்வொரு துணிக்கும் தனித்தனி ஆயுள் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

இனி, நிலக்காட்சியைத் தொடங்குவோரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துணியை அவர்கள் வண்ணக் குப்பிபோல் கருதுகின்றனர்: மலைக்கு நீலம், வயலுக்குப் பச்சை, மண்ணுக்குப் பழுப்பு என்று கடையில் நிறம் பார்த்து வாங்கி, வெட்டி ஒட்டுகின்றனர். எல்லாத் துண்டுகளும் ஒரே பாப்ளின் துணியாக இருந்துவிட்டால் வயலும் வானமும் ஒரே தொலைவில் நின்றுவிடுகின்றன. கண்ணுக்குப் புலப்படும் துணி நிறத்தில் சாயத்துக்கு உள்ள பங்கைப் போலவே இழைக்கும் நெசவுக்கும் பங்கு உண்டு. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணமாக இருப்பதால் அது ஒளியைப் பளிச்சென்று திருப்புகிறது. சாட்டின் நெசவில் ஓர் இழை பல இழைகளைத் தாண்டி மேலே மிதந்து செல்வதால் பரப்பு வழவழக்கிறது. வெல்வெட்டின் நிமிர்ந்த மயிர்கள் ஒளியைத் தம்மிடையே விழுங்கிக்கொள்வதால், அதே சாயம் அதில் ஆழ்ந்து இருள்கிறது. கைராட்டையில் நூற்ற கதரில் நூல் ஓரிடம் பருத்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பதால் அதன் பரப்பு உழுத மண்ணைப் போலச் சொரசொரக்கிறது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்யப்படும் மயில்கழுத்துப் பட்டு, பார்க்கும் திசைக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. அதன் ஒரு துண்டைக் கால் வட்டம் திருப்பி வைத்தாலே அது இன்னொரு துணியாகிவிடும். குளத்து நீருக்கு அதைவிடப் பொருத்தமான துணி அரிது.

அச்சிட்ட துணியின் பின்புறத்தில் சாயம் முழுதும் இறங்காமல் மங்கலாக இருக்கும் என்பதால், ஒரே துணியின் மேற்புறத்தை அருகிலுள்ள மரத்துக்கும் பின்புறத்தைத் தொலைவிலுள்ள மரத்துக்கும் வைக்கலாம். பலமுறை வெளுத்து மெலிந்த மல் வேட்டி மூடுபனிக்கு உதவும். காயக் கட்டுக்குப் பயன்படும் வலைத்துணியைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, ஈரமாகவே இழுத்துச் சுருக்கி உலரவிட்டால் புதராகும். சாக்குத்துணியிலிருந்து உருவிய சணல் நார் வரப்புப் புல்லாகும். மாறாக, மேகம், இலை, அலை ஆகியவற்றை அப்படியே அச்சிட்டு விற்கும் துணிகளைத் தவிர்ப்பதே நன்று. அச்சடித்தவர் ஏற்கெனவே வரைந்துவிட்ட மேகத்தைக் கத்தரித்து ஒட்டுவதில் தைப்பவருக்கு என்ன வேலை இருக்கிறது? செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கட்டங்கள் வயற்பாத்திகளை நினைவூட்டுவதால் பலரை ஈர்க்கக்கூடும். ஆனால் அக்கட்டங்கள் முன்னும் பின்னும் ஒரே அளவாக இருப்பதால் தொலைவு என்ற உணர்வையே அழித்துவிடும். மதுரைச் சுங்குடியின் புள்ளிகளும் 12 அங்குலப் பரப்பில் ஒரு மரத்தின் தலை அளவுக்குப் பெரியவை.

துணியைத் தேர்வதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியது இரண்டு. தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்தது. நிலக்காட்சிக் கில்ட்டுக்கும் அவ்விரண்டுமே முதற்பொருள். நிலத்தைத் தேர்ந்துவிட்டுப் பொழுதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான கில்ட்டுகளில் எந்நேரமும் ஒரு பெயரற்ற நண்பகலாகவே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, தென்காசியின் கிழக்கே வயல்வெளியில் நின்று, ஆனி மாதத்துச் சாரல் விட்ட ஒரு பிற்பகலில், மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்ப்பதாகக் கொள்ளலாம். அது கார்ப் பருவத்து நடவு முடிந்த நேரம். முன்னே நீர் தேங்கிய வயல், அதில் இளநாற்று, நடுவே பனைமர வரிசை, அப்பால் மலை, அதன் தலையில் மேகம். கதிரவன் மேற்கே மலைப்பக்கம் இறங்கிவிட்டதால் ஒளி பார்ப்பவரின் எதிரிலிருந்து வருகிறது. எனவே பனைகளும் மலையும் ஒளியை மறைத்துக் கருத்து நிற்கின்றன, மேகத்தின் விளிம்பும் வயல்நீரும் மட்டுமே பளிச்சிடுகின்றன. பொழுதை இவ்வாறு குறித்துக்கொண்ட உடனேயே துணிகளில் பாதி தாமாகவே தேர்வாகிவிடுகின்றன: பனைக்கும் மலைக்கும் ஒளியை விழுங்கும் துணி, நீருக்கும் மேக விளிம்புக்கும் ஒளியைத் திருப்பும் துணி. நாற்றுகளுக்கிடையே தெரிவது வானத்தின் பிரதிபலிப்பே ஆதலால், வயல்நீருக்கும் வானத்துக்கும் ஒரே சாம்பல் பட்டிலிருந்து துண்டு வெட்டவேண்டும். நீருக்குத் தனியாக நீலத் துணி தேடுவது வீண்.

மலையின் நிறம் சற்று விரிவாகப் பேசத்தக்கது. காடு அடர்ந்த மலை அருகில் பச்சையாகவும் தொலைவில் நீலமாகவும் தெரிவதன் காரணம், மலைக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள காற்று. காற்றின் மூலக்கூறுகள் அலைநீளம் குறைந்த ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. சிதறலின் அளவு அலைநீளத்தின் 4ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதை ரேலி பிரபு 1871இல் விளக்கினார். அக்கணக்கின்படி 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைக் காட்டிலும் 4 மடங்குக்கு மேல் சிதறுகிறது. தொலைமலையின் நீலம் மலையின்மேல் பூசியது அன்று, நடுவிலுள்ள காற்று தரும் திரை. ஆர்கன்சா என்னும் விறைப்பான, ஊடுருவித் தெரியும் மெல்லிய துணியை மலைத்துண்டின்மேல் போர்த்தும்போது காற்று செய்வதையே அதுவும் செய்கிறது: அடியிலுள்ளதை மறைக்காமல் மங்கச் செய்து, தன் நிறத்தைச் சிறிது ஏற்றுகிறது. முன்மலைக்கு ஒரு போர்வை, பின்மலைக்கு அதன்மேல் இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரே கரும்பச்சைக் கதரிலிருந்து மூன்று தொலைவுகளைப் பெறலாம். சாரல் காலத்தில் காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோல் சிதறடிப்பதால் மலை நீலத்தைவிட வெண்சாம்பலாகத் தெரியும். ஆகவே இந்தக் காட்சிக்கு வெள்ளை ஆர்கன்சாவே உகந்தது, நீல ஆர்கன்சா மாசி மாதத்துத் தெளிந்த காலைக்கு உரியது.

தைக்கும்போது பரப்பு சுருங்கும் என்பதால், முடிவில் 12 அங்குலம் வேண்டுமானால் அடிப்படையாக வைக்கும் காடாத்துணியை 14 அங்குலமாக வெட்டவேண்டும். அதன்மேல் தொலைவிலிருந்து அருகை நோக்கி, வானம், மேகம், மலை, மரவரிசை, வயல் என்ற முறையில், முன்துண்டின் மேல்விளிம்பு பின்துண்டின் கீழ்விளிம்பை மூடும்படி அடுக்கிச் செல்வது வழக்கம். துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க, இஸ்திரிச் சூட்டில் உருகி ஒட்டும் மெல்லிய பசைத்தாள் பயன்படுகிறது. கலப்புத் துணி வேலையின் உண்மையான சிக்கல் இங்கேதான் எழுகிறது: நிலத்தின் வரிசை ஒன்று, சூட்டின் வரிசை வேறு. பருத்தி ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் இஸ்திரியைத் தாங்கும். பட்டு அதில் பழுக்கும். செயற்கை இழை ஆர்கன்சா சுருண்டு உருகும். ஆனால் மலைமேல் போர்த்திய ஆர்கன்சா, அதற்கு முன்னால் வரும் பருத்தி வயலுக்கு முன்பே இடம்பெற்றாக வேண்டும். இதற்கு வழி, ஆர்கன்சாவைப் பசையால் ஒட்டாமல் குண்டூசியாலும் தையலாலும் மட்டும் பிடித்துக்கொள்வதும், அதற்குப் பிறகு வரும் பருத்தித் துண்டுகளை ஈரமற்ற மல் துணியை இடையில் வைத்து, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் அழுத்தி ஒட்டுவதும் ஆகும். பட்டிலேயே நெய்த ஆர்கன்சா கிடைக்குமானால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். ஒட்டிய பின் சற்றுத் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால், அல்லது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், நிறம் மறைந்து ஒளியும் இருளும் மட்டும் எஞ்சும். அப்படத்தில் மலையும் பனையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், தைப்பதற்கு முன்பே ஒன்றை மாற்றிவிட வேண்டும்.

பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்த பிறகு வரும் தையலே கில்ட்டைக் கில்ட்டாக்குகிறது. தையல் இயந்திரத்தின் அடியில் துணியை முன்னே தள்ளும் பல்லைத் தாழ்த்திவிட்டால், துணியைக் கை விரும்பிய திசையில் நகர்த்தலாம். கை வேகமாகப் போனால் தையல் நீளும், மெதுவாகப் போனால் குறுகும். தையலின் நெருக்கத்துக்கும் தொலைவுக்கும் உள்ள பொருத்தம் வியப்பானது. வயலின் கோடுகள் தொலைவில் நெருங்கியும் அருகில் விலகியும் தெரிவது பார்வையின் இயல்பு. நெருங்கிய தையல் பஞ்சை அமுக்கித் தட்டையாக்குவதும் விலகிய தையல் புடைக்கவிடுவதும் பஞ்சின் இயல்பு. எனவே முன்வயலில் கால் அங்குல இடைவெளியில் தொடங்கி, தொலைவில் நூலோடு நூல் உரசும் அளவுக்குக் கோடுகளை நெருக்கிக்கொண்டு போனால், வரைதலும் புடைப்பும் ஒரே திசையில் வேலை செய்யும். இதை உணராத பலர் வானத்தில் வரைய ஒன்றுமில்லை என்று அதைத் தைக்காமல் விட்டுவிடுவதால், வானம் தலையணைபோல் உப்பி மலையின் முன்னால் வந்து நிற்கிறது. வானத்தின் நிறத்திலேயே மெல்லிய நூலெடுத்து, பார்ப்பவர் கவனிக்காதபடி கிடைமட்டமாக நெருங்கத் தைத்து அதை அதன் இடத்துக்குத் தள்ளவேண்டும்.

பனையைத் துணியில் வெட்ட முயல்வது 12 அங்குலப் பரப்பில் பயனற்றது. ஓர் அங்குல உயரத்துக்குக் கருநூலை இரண்டு மூன்று முறை ஓட்டி அடிமரமாக்கி, உச்சியில் நூலை உருண்டையாகச் சிக்கவிட்டால் போதும். தென்னையின் ஓலை தாழ்ந்து தொங்கும், பனையின் தலையோ தொலைவில் உருண்டையாகவே தெரியும் என்பதால், அந்தச் சிக்கலே பனையாகிவிடும். நாற்றுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. கையால் இடும் குறுந்தையல்கள், முன்னே நெல்மணி நீளத்திலும் பின்னே கடுகளவிலுமாக, வரிசை பிடித்துச் செல்லலாம். மணி, சமிக்கி, மினுக்கும் இழை ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் சேர்க்கும் ஆசை எழுவது இயல்பே. எதிரொளி படும் காட்சியில் வயல்நீரின் பளபளப்புக்கு அவை போட்டியாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் ஆசை தணிந்துவிடும்.

விளிம்பை முடிக்க இரண்டு முறைகள் உண்டு. நாற்புறமும் பட்டைத்துணி வைத்து மடித்துத் தைத்தால் சட்டமிட்ட படம்போல் நிலம் அதற்குள் அடங்கிவிடும். துணிப்பட்டையை முகப்பிலிருந்து தைத்து முழுவதையும் பின்புறம் திருப்பிவிட்டால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, நிலம் அப்பாலும் தொடர்வதுபோல் தோன்றும். நிலக்காட்சிக்கு இரண்டாவதே ஏற்றது. தொங்கவிடுவதற்குப் பின்புறத்தின் மேல்பகுதியில் கோல் நுழையும் குழாய்போன்ற ஒரு துணியுறை தைக்கப்படுகிறது. மாட்டும் சுவரில் வெயில் படக்கூடாது; அருங்காட்சியகங்கள் துணிப்பொருள்மீது விழும் ஒளியைப் பொதுவாக 50 லக்ஸ் என்ற அளவுக்குள் நிறுத்துகின்றன, அது மாலை மங்கலில் ஒரு விளக்கு ஏற்றிய அறையின் வெளிச்சம் எனலாம். வீட்டில் அவ்வளவு இருட்டு இயலாது என்றாலும், சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்துப் பக்கச் சுவரைத் தேர்ந்தால், வெயிலிலிருந்து சாயம் தப்புவதோடு, பக்கவாட்டு ஒளியில் தையலின் மேடுபள்ளமும் எடுப்பாகத் தெரியும்.

பின்புறத்தில் ஒரு சிறு காடாத்துண்டைத் தைத்து அதில் பெயரும் ஆண்டும் எழுதுவது கில்ட் செய்வோரின் நெடுநாள் வழக்கம். கலப்புத் துணிக் கில்ட்டில் அத்துண்டு இன்னும் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது. வானம் பட்டு, மலை கதர், மூடுபனி பாலியெஸ்டர் ஆர்கன்சா, புதர் சாயமிட்ட கட்டுத்துணி, புல் சணல் என்று ஒவ்வொன்றின் பெயரும், பசைத்தாள் எங்கெங்கே உள்ளது என்பதும் அதில் இருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதன் தூசியைத் தட்டிச் செப்பனிட எடுப்பவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் அதைப் படித்துக்கொள்வார்.